கனால் தெருவில் டூப்ளிகேட் ஹேண்ட்பேக் வாங்கலாமா?

நியூயார்க் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "கனால் ஸ்ட்ரீட்டில் லூயி வுட்டான், ஷனேல், குச்சி பிராண்டுப் பைகளின் டூப்ளிகேட் எல்லாம் 50 டாலருக்குக் கிடைக்குமாமே. அண்ணிக்கும் நாத்தனார்களுக்கும் சேர்த்து ஐந்தாறு பை வாங்கி வரச் சொல்கிறார்கள். வாங்கினால் போலீஸ் பிடிக்குமா? ஊர் கஸ்டம்ஸில் பிரச்சினை வருமா? பை எத்தனை நாள் உழைக்கும்?"

முதலில் நேரடியான பதில். உங்களுக்கென்று ஒரே ஒரு பை வாங்கினால் நியூயார்க்கில் உங்களை யாரும் பிடிக்கப் போவதில்லை. ஐந்தாறு வாங்கினால் அந்த உறுதியைத் தர முடியாது. பை உழைப்பதைப் பொறுத்தவரை, அந்த 50 டாலரில் பெரும்பங்கு மேலே அச்சடித்த பெயருக்குத்தான் போகிறது, பைக்குப் போவது சொற்பம். ராணிப்பேட்டையில் தோல் பை ஏற்றுமதி யூனிட்டில் வேலை பார்த்துவிட்டு இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன். தெருவும் தெரியும், தையலும் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கனால் தெரு மன்ஹாட்டனின் தென்பகுதியில் தீவின் குறுக்கே ஓடுகிறது. ஒரு பக்கம் சைனா டவுன், இன்னொரு பக்கம் சோஹோ. பிராட்வே முனையில் சப்வேயிலிருந்து மேலே ஏறினால் நடைபாதையில் விரிப்பு போட்டுப் பைகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். விரிப்பின் மூலைகளில் கயிறு கட்டியிருக்கும். போலீஸ் வருகிறது என்று யாராவது குரல் கொடுத்தால், கயிற்றை இழுத்த இழுப்பில் விரிப்பே மூட்டையாகிவிடும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு சந்துக்குள் போய்விடுவார்கள். விரிப்பே இல்லாமல் விற்பவர்களும் உண்டு. பிளாஸ்டிக் உறை போட்ட படத்தாளையோ போனையோ காட்டி "லூயி, ஷனேல், குச்சி" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே கூட நடந்து வருவார்கள். நீங்கள் ஒன்றைக் கை காட்டினால், பக்கத்தில் நிற்கும் வேனிலிருந்தோ எங்கோ ஒரு சிறிய கிடங்கிலிருந்தோ கறுப்புக் கவரில் சுற்றிக்கொண்டு வருவார்கள். பணம் ரொக்கம். முதலில் சொல்லும் விலையைப் பாதியாகக் குறைப்பது அங்கே சாதாரணம். பில் கிடையாது, மாற்றித் தருவதும் கிடையாது. பையைத் திறந்து ஜிப்பை இழுத்துப் பார்க்கக்கூடப் பல சமயம் விட மாட்டார்கள், அவர்களுக்கு அவசரம்.

இந்த வியாபாரம் முன்பு கடைகளுக்குள்ளேதான் நடந்தது. கடையின் பின்சுவரைத் தள்ளினால் உள்ளே இன்னொரு அறை, அதில் கூரை வரை பைகள். 2008 பிப்ரவரியில் மேயர் புளூம்பெர்க் நிர்வாகம் கனால், வாக்கர், சென்டர், பாக்ஸ்டர் தெருக்களுக்கு நடுவில் இருந்த 32 கடைகளை ஒரே நாளில் இழுத்து மூடியது. "போலிச் சரக்கு முக்கோணம்" என்றே அந்த இடத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள். கடை போனது, சரக்கு நடைபாதைக்கு வந்தது. 2023 நவம்பரில் மன்ஹாட்டனில் ஒரு கிடங்கைச் சோதனை போட்டபோது ஏறத்தாழ 2,19,000 போலிப் பைகளும் துணிகளும் காலணிகளும் சிக்கின. அவ்வளவும் ஒரிஜினலாக இருந்தால் 103 கோடி டாலர் பெறும் என்று கணக்குச் சொன்னார்கள். அமெரிக்காவில் அதுவரை பிடிபட்டதிலேயே பெரிய போலிச் சரக்கு அதுதான் என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் அறிவித்தது. அதற்குப் பிறகும் தெருவில் பை கிடைக்கிறது.

சரக்கு உள்ளே வரும் விதத்தைத் தெரிந்துகொண்டால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது புரியும். முத்திரை போட்ட பை துறைமுகத்தில் மாட்டினால் பறிமுதல் ஆகிவிடும். அதனால் முத்திரை இல்லாத வெறும் பையைக் கன்டெய்னரில் அனுப்பி, உலோக எழுத்தையும் லேபிளையும் தனிப் பார்சலில் வரவழைத்து, இங்கே வைத்து ஒட்டுகிற வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. ஒட்டுவதற்கு முன் அது சில டாலர் பெறுமான சாதாரணப் பை. நாலைந்து எழுத்து ஏறியதும் 50 டாலர் ஆகிறது. நடுவில் பையின் தரத்தில் எந்த மாற்றமும் இல்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டமும் சரி, நியூயார்க் மாநிலச் சட்டமும் சரி, விற்பவரைத்தான் தண்டிக்கின்றன. சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவரைத் தண்டிக்க அங்கே இடமில்லை. வாங்குகிறவரையும் பிடிக்க வேண்டும் என்று சைனா டவுன் பகுதியின் நகரமன்ற உறுப்பினர் மார்கரெட் சின் ஒரு மசோதா கொண்டுவந்தார். 1,000 டாலர் வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை என்றது அது. 2013-இல் விசாரணை வரை போனது, ஆனால் நிறைவேறவில்லை. எனவே ஒரு பையோடு நடந்து போகும் சுற்றுலாப் பயணியை நிறுத்திக் கேட்க அங்கே போலீஸுக்கு வேலை இல்லை.

ஆனால் நீங்கள் சொல்வது ஐந்தாறு பை. ஒரே மாதிரிப் பை பெட்டியில் ஆறு இருந்தால், பார்க்கிற அதிகாரிக்கு விற்கத்தான் கொண்டுபோகிறார் என்று தோன்றும். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் 2007-ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துரிமை இறக்குமதி விதிகளின்படி போலி முத்திரைச் சரக்கைக் கஸ்டம்ஸ் தடுத்து வைக்கலாம். பயணியின் சொந்தப் பெட்டியில் வரும், வியாபார நோக்கமில்லாத பொருளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஒரு பை அந்த விலக்குக்குள் அடங்கும். ஆறு அடங்குமா என்பதை மீனம்பாக்கத்தில் அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் முடிவு செய்வார். நான் அந்த இடத்தில் நிற்க விரும்ப மாட்டேன். அமெரிக்காவிலேயே வாழும் நம்மவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாங்காக்கிலிருந்தோ கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்ட்ரீட்டிலிருந்தோ வாங்கிக்கொண்டு அமெரிக்காவுக்குள் நுழையும்போது, ஒவ்வொரு வகையிலும் ஒன்றே ஒன்று, அதுவும் 30 நாளுக்கு ஒரு முறை, சொந்த உபயோகத்துக்கு என்றால்தான் விடுவார்கள். கொண்டுவந்ததை ஓராண்டுக்குள் விற்கக் கூடாது என்பதும் விதி.

ஐரோப்பா வழியாகப் போகிறவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். இத்தாலியில் வாங்குகிறவருக்கே அபராதம். 2005-இல் வந்த சட்டம் அது. பிற்பாடு 100 யூரோவிலிருந்து 7,000 யூரோ வரை என்று ஆக்கினார்கள், 2023 கடைசியில் வந்த சட்டம் அந்தக் குறைந்தபட்சத்தையும் 300 யூரோவாக உயர்த்தியது. ஃபுளோரன்ஸிலும் வெனிஸிலும் பாலத்து மேல் விரிப்பு போட்டு விற்பவரிடம் 20 யூரோவுக்கு ஒரு பையை வாங்கிவிட்டு, நாலடி நடப்பதற்குள் போலீஸிடம் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. எனக்குத் தெரியாது, நான் டூரிஸ்ட் என்று சொன்னால் விட மாட்டார்கள். பிரான்ஸில் இன்னும் கடுமை: போலியைக் கையில் வைத்திருப்பதே கஸ்டம்ஸ் குற்றம். பையைப் பிடுங்கிக்கொள்வதோடு, ஒரிஜினல் விலையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் போட முடியும். 50 டாலர் பைக்கு ஒரிஜினல் விலைக் கணக்கில் அபராதம் என்றால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வழியாக டிக்கெட் போட்டு, இரண்டு நாள் ஊர் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்ற திட்டம் நம்மவர்களுக்கு அடிக்கடி வருவதால்தான் இதைச் சொல்கிறேன்.

இனி பைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. பழுப்பு நிறத்தில் எழுத்தும் பூவும் போட்ட லூயி வுட்டான் மோனோகிராம் பை இருக்கிறதே, அதன் உடம்பு ஒரிஜினலிலேயே தோல் கிடையாது. பருத்திக் கேன்வாஸின் மேல் பிவிசி பூசியது. நம் ஊரில் சொல்கிற ரெக்சின் வகைதான், ஆனால் மிக உயர்ந்த ரகம். அந்த எழுத்தும் பூவும் 1896-இல் பிறந்ததே, பழைய கட்டம்போட்ட வடிவத்தை எல்லாரும் காப்பி அடிக்கிறார்கள் என்று அதைத் தடுப்பதற்காகத்தான். ஒரிஜினலில் தோல் இருப்பது கைப்பிடியிலும் ஓரப் பட்டையிலும். அதுவும் சாயம் ஏற்றாத, மரப்பட்டைச் சாறில் பதனிட்ட தோல். நம் வட்டாரத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டுக் கப்பலேற்றினார்களே, அதே குடும்பம். புதிதில் வெளிர் சந்தன நிறத்தில் இருக்கும். வெயிலும் கை எண்ணெயும் பட்டுப் பட்டு மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்கு வரும். கைபடும் இடம் அதிகம் கறுக்கும், படாத இடம் வெளுப்பாகவே நிற்கும். தண்ணீர்த் துளி விழுந்தால் தடம் விழும். டூப்ளிகேட்டில் அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் பியூ, அதாவது பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் பூசிய துணி. நிறம் மாறவே மாறாது. இல்லாவிட்டால் முதல் நாளே ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.

கையில் எடுத்தால் இன்னும் சிலது தெரியும். கைப்பிடி உடம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள், பை அறுவது அங்கேதான். நல்ல தையலில் ஒவ்வொரு தையலும் ஒரே நீளத்தில், லேசாகச் சாய்ந்து, இரண்டு பக்கக் கைப்பிடியிலும் ஒரே எண்ணிக்கையில் இருக்கும். தெருப் பையில் ஒரு பக்கம் ஐந்து, இன்னொரு பக்கம் ஆறு என்று வரும், முடிவில் நூல் நுனி கருகித் துருத்திக்கொண்டு நிற்கும். அடுத்து ஓரப் பூச்சு. வெட்டிய தோலின் விளிம்பில் நிறம் பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். ஒழுங்காகச் செய்தால் விளிம்பு உருண்டு வழவழவென்று இருக்கும். ஒரே பூச்சில் முடித்ததை நகத்தால் கீறினால் ரப்பர் மாதிரி உரிந்து வரும். எங்கள் யூனிட்டில் இந்த ஒரு வேலைக்கே தனியாக ஆள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களைச் சூப்பர்வைசர்கூட அவசரப்படுத்த மாட்டார். தெரு விலைக்குச் செய்கிறவனுக்கு அந்த நேரம் கிடையாது.

லேபிளையும் அட்டையையும் பார்த்து ஏமாறாதீர்கள். "இது அசல்" என்று கார்டு கொடுக்கும் பழக்கம் லூயி வுட்டானுக்குக் கிடையாது. கார்டோடு வந்தால் சந்தேகம் கூடத்தான் வேண்டும். பழைய பைகளுக்குள் ஒரு தேதிக் குறியீடு இருக்கும், 2021-லிருந்து அதை விட்டுவிட்டு உள்ளே மைக்ரோசிப் வைக்கிறார்கள். ஸ்பீடி மாதிரிச் சில மாடல்களில் ஒரு பக்கத்தில் எல்வி எழுத்து தலைகீழாக இருக்கும். அது போலிக்கு அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே நீளத் துணியை அடி வழியாகச் சுற்றித் தைப்பதால் ஒரிஜினலிலேயே அப்படித்தான் வரும்.

எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டீர்கள். பியூ பூச்சுக்கு ஈரக்காற்று ஆகாது. காற்றில் இருக்கும் ஈரம் பூச்சின் பிணைப்பையே உடைத்துவிடும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ பீரோவுக்குள் வைத்தாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பிக்கும். உபயோகிக்காமல் பத்திரமாக வைத்த பைதான் சீக்கிரம் போகும் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். பழைய சோபா உறையும் ஆபீஸ் நாற்காலியும் உரிவது இதே காரணத்தால்தான். பிவிசி உதிராது, ஆனால் உள்ளே கலந்த எண்ணெய் கசிந்து பிசுபிசுக்கும், அல்லது விறைத்து மடிப்பில் வெடிக்கும். அதற்கு முன்னாலேயே ஜிப்பும் கைப்பிடியும் கைவிட்டுவிடுவதுதான் வழக்கம்.

உயர்ரக டூப்ளிகேட் என்று ஒன்று இருக்கிறது, அது இந்தக் கணக்கில் சேராது. சீனாவின் குவாங்ஜோ பக்கம், ஒரிஜினலைப் பிரித்து அளவெடுத்து, நல்ல தோலிலேயே செய்வது. அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். ஆனால் அது 50 டாலருக்கு வராது, பல நூறு டாலர் ஆகும், தெரு விரிப்பிலும் கிடைக்காது. கனாலில் உங்களை ஓரமாகக் கூப்பிட்டு "இது ஏ கிரேடு" என்று சொல்லி 150 கேட்டால், அதுவும் அதே மூட்டையிலிருந்து வந்ததுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஒரிஜினலுக்கு 2,000 டாலருக்கு மேல் கொடுப்பது மட்டும் நியாயமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோர் என்ற ஆடம்பர ஃபேஷன் கம்பெனியின் இத்தாலியத் தயாரிப்புப் பிரிவு ஒன்றை நீதிமன்ற மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தது. துணை ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர்களை வாட்டி வேலை வாங்கினார்கள் என்பது வழக்கு. 2,600 யூரோவுக்கு விற்கும் ஒரு பையைச் செய்து தர, தோலும் மற்ற மூலப்பொருளும் நீங்கலாக, 53 யூரோ கொடுத்தார்கள் என்று விசாரணை ஆவணங்களில் வந்தது. 2025 தொடக்கத்தில் அந்த மேற்பார்வை விலக்கப்பட்டது. இந்த எண்ணைப் படித்தபோது ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்கள் யாருக்கும் ஆச்சரியம் வந்திருக்காது. ஒரிஜினலிலும் பெரும்பங்கு பெயருக்குத்தான். ஒரு வித்தியாசம் என்னவென்றால், அங்கே பெயருக்குக் கொடுத்தது போக ஒழுங்கான பையும் கைக்கு வருகிறது. பழுது பார்த்துத் தருகிறார்கள், திரும்ப விற்றாலும் விலை போகிறது. டூப்ளிகேட்டில் இந்த மூன்றும் இல்லை.

விற்கிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேரம் பேசும்போது நம் கண்ணுக்குத் தெரிவது அவர் ஒருவர்தான். பிராட்வே பக்கம் நிற்பவர்களில் பலர் செனகல், மாலி, கினி, மொரிட்டானியா நாடுகளிலிருந்து வந்தவர்கள். நியூயார்க் நகரம் பொதுச் சரக்கு விற்கும் தெருவோர வியாபாரிகளுக்குப் பல பத்தாண்டுகளாக 853 லைசென்ஸ் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. முன்னாள் ராணுவத்தினருக்கு மட்டும் தனிக் கணக்கு. புதிதாக வந்தவர் தொப்பியும் குடையும் நேர்மையாக விற்க நினைத்தாலும் வழி இருக்கவில்லை. எப்படியும் லைசென்ஸ் இல்லாத வியாபாரம்தான் என்றான பிறகு, லாபம் கூடுதலாக உள்ள சரக்குக்குப் போனார்கள். மாட்டினால் போலி முத்திரை வழக்கு, சரக்கு 1,000 டாலரைத் தாண்டினால் பெரிய குற்றப் பிரிவு. ஒரு மூட்டை அந்தத் தொகையைத் தாண்டுவது சுலபம். 2025 அக்டோபரில் குடியேற்ற அதிகாரிகள் கனால் தெருவில் இறங்கி வியாபாரிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கிடங்கு வைத்திருப்பவரும் கன்டெய்னர் எடுப்பவரும் அன்று அந்த நடைபாதையில் நிற்கவில்லை. வாங்கக் கூடாது என்று நான் சொல்வதற்குத் தோலும் தையலும் பாதிக் காரணம் என்றால், இது மீதிப் பாதி. நாம் கொடுக்கும் காசில் சிறு பங்குக்காக முழு ஆபத்தையும் அந்த ஒரு மனிதர் சுமக்கிறார். அவரிடம் பேரம் பேசி இன்னும் 10 டாலர் குறைத்தேன் என்று பெருமைப்பட எனக்கு மனம் வரவில்லை.

அதே 50 டாலருக்கு நியூயார்க்கிலேயே நிஜமான நியூயார்க் பை கிடைக்கும், அதைத் தேடுங்கள். கோச் கம்பெனி 1941-இல் மன்ஹாட்டனில் ஒரு சிறு பட்டறையாகத் தொடங்கியது. பேஸ்பால் கையுறைத் தோல் பழகப் பழக மிருதுவாவதைப் பார்த்து அந்த மாதிரித் தோலில் பை செய்தார்கள். 1962-இல் பானி காஷின் என்ற வடிவமைப்பாளர் வந்தார். பையை மூட அவர் வைத்த பித்தளைத் திருகு, அவருடைய திறந்த காரின் மேல்கூரையை மாட்டும் கொக்கியிலிருந்து எடுத்தது. அந்தப் பழைய பைகளுக்குள் உள்துணியே இருக்காது, தோலின் பின்பக்கம் அப்படியே தெரியும். ஒளித்து வைக்க எதுவும் இல்லாத தையல். புரூக்ளினிலும் மன்ஹாட்டனிலும் உள்ள பழைய துணிக் கடைகளில், நல்ல நிலையில் உள்ளது 40 முதல் 80 டாலருக்குள் அகப்படும். பித்தளை கறுத்திருந்தால் புளி போட்டுத் துலக்கலாம், தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு ஒன்று அப்படி வாங்கிப் போங்கள், ஊரில் வேறு யார் கையிலும் இருக்காது.

நாத்தனார்களுக்கு என்றால் அமெரிக்காவிலிருந்து பை சுமக்கவே வேண்டாம் என்பேன். உலகத்துக்கே தோல் பை தைத்து அனுப்பும் ஊர்க்காரர்கள் நாம். சென்னை பெரியமேட்டிலும் ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கமும் ஏற்றுமதியில் மீந்த பைகள் நாலைந்தாயிரம் ரூபாய்க்கு நல்ல தோலிலேயே வரும். வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள். தோல் என்றால் வெட்டிய இடத்தில் நார் தெரியும், ரெக்சின் என்றால் துணியும் மேலே ஒரு பிளாஸ்டிக் படலமும் தெரியும். "ஜெனுயின் லெதர்" என்று முத்திரை போட்டிருந்தாலே நல்ல தோல் என்று அர்த்தம் இல்லை. அடித்தோலை உரித்து மேலே பியூ ஒட்டியதற்கும் அதே முத்திரைதான் போடுகிறார்கள். விரலால் அழுத்தினால் நல்ல மேல்தோல் சின்னச் சின்னச் சுருக்கமாக விரியும், பியூ ஒட்டியது குழிந்து அப்படியே திரும்பி வரும்.

ஏற்கெனவே ஒரு டூப்ளிகேட் பை வீட்டில் இருக்கிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை, உபயோகியுங்கள். ஐரோப்பாவுக்குக் கிளம்பும்போது மட்டும் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அப்புறம், ஒரிஜினல் என்று சொல்லியோ சொல்லாமலோ ஆன்லைனில் விற்கப் பார்க்காதீர்கள். இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிகமுத்திரைச் சட்டத்தில் வாங்கியவருக்குத் தண்டனை இல்லை. விற்றால் 104-ஆம் பிரிவு வரும்: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.